மூணுநடை அண்ணனும் அணைக்காத கணினியும்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எடைமேடையில் வேலை பார்க்கும் ஒருவர், லாரி ஓட்டும் பழைய வீடியோ கேம் ஒன்றுக்குள், சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலை வரை போகும் ரோட்டை அப்படியே கட்டி வைத்தார்.
2. புதிதாக வரும் டிரைவர் யாராக இருந்தாலும் அந்த ரோட்டில் மூன்று நடை ஓட்டிக் காட்டினால்தான் எடைச்சீட்டு என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.
3. எல்லோரும் ஓட்டினார்கள்.
4. கேமை வெளியிட்ட வெளிநாட்டுக் கம்பெனி, பழைய கேமை இனி கவனிக்கப்போவதில்லை என்று அறிவித்தது.
5. அவர் கணினியை அணைப்பதை நிறுத்திவிட்டார்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், லாரியே ஓட்டத் தெரியாமல் இத்தனை லாரி டிரைவர்களை மிரட்டி வைத்திருந்த ஆள் இன்னொருவர் கிடைக்கமாட்டார். அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘மூணுநடை’. எனக்கு அண்ணன்.

எடைமேடை மென்பொருளைப் பராமரிப்பதுதான் என் முதல் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, மேசைக்கு முன்னால் நாற்காலிக்குப் பதில் உடைத்துப் போட்ட டிப்பர் லாரி ஒன்றின் டிரைவர் சீட் இருந்தது. மேசையில் ஒரு ஸ்டியரிங். எடை பார்க்கும் கணினியைத் தவிர இன்னொரு கணினி. சீட்டில் மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். பெயர் செல்வம். வெளியே ஏழு லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“பதினெட்டு வருசமா வண்டி ஓட்டுறேண்ணே. என்னயப் போயி பொம்மை வண்டி ஓட்டச் சொல்றீங்களே” என்றார் செல்வம்.

“பொம்மையில இடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆவாது. ஓட்டுப்பா” என்றார் அண்ணன்.

செல்வம் முதல் நடையில் ஒரு டீக்கடை பெஞ்சின்மேலும் இரண்டு ஆடுகள்மேலும் வண்டியை ஏற்றினார். ஆடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த கேமில் நாமே ரோடும் மரமும் வண்டியும் செய்து சேர்த்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு ரோடு போட வந்தது. ஆடு செய்ய வரவில்லை. இணையத்தில் அதே கேமை ஆடும் யாரோ ஒரு வெளிநாட்டவரிடம் ஆடு கேட்டிருக்கிறார். அவர் தன் ஊரில் பார்த்த ஆட்டைச் செய்து அனுப்பினார். அதனால் அரியலூர் வெயிலில், கருவேலங்காட்டு ஓரத்தில், மெத்தை மெத்தையாக வெள்ளை ரோமத்தோடு பத்துப் பன்னிரண்டு ஆடுகள் நின்றன.

“எந்த ஊரு ஆடுண்ணே இது?” என்று கேட்டார் செல்வம்.

“ஆடு எந்த ஊரா இருந்தா என்ன, பிரேக் ஒன்னோடதுதானே?”

நான் ஒரு பட்டியல் எடுத்தேன். அவர் ‘மேப்’ என்று சொல்லும் அந்த ரோட்டில் செய்து வைத்திருந்தவை: வளைவுகள் பதினொன்று. பள்ளிக்கூடம் ஒன்று, நாலு பத்துக்கு மணி அடிக்கும், பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள். கல்லறுக்கும் இடத்திலிருந்து பறக்கும் புழுதி, காற்று அடிக்கும் திசை உட்பட. ஓரத்தில் நெல் காயப்போட்டிருக்கும் இடங்கள் நான்கு; அறுவடை முடிந்தால் எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் எல்லாவற்றையும் சரிபார்த்து வருவார்.

ஒரு முறை பிசகியது. நடுவில் ஒரு வேகத்தடையை ரோடு போட்டவர்கள் வழித்து எடுத்துவிட்டார்கள். அந்த வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல், போய்ப் பார்க்கவில்லை. கேமில் மூன்று நடை முடித்துவிட்டு நிஜ ரோட்டில் இறங்கிய ஒரு டிரைவர், இல்லாத வேகத்தடைக்கு பிரேக் போட்டு, முழு மரியாதையோடு ஏறி இறங்குவதுபோல் ஊர்ந்து போனார். பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து அவர் பரம்பரையையே விசாரித்தார். விஷயம் எடைமேடைக்கு வந்தது. கேமில் அந்த வேகத்தடையை எடுத்துவிடலாமே என்றேன்.

“மேப்புல தப்பில்ல பாப்பா. ரோட்டுலதான் தப்பு” என்றார்.

அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள், வேகத்தடை வேண்டும் என்று மனு எழுதினார். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். எங்கே வேண்டும் என்று புரியட்டுமே என்று கேமிலிருந்து ஒரு படத்தை அச்செடுத்து இணைத்தார். ‘இணைப்பிலுள்ள படத்தின்படி வேகத்தடை ஏற்கெனவே உள்ளது, நடவடிக்கை தேவையில்லை’ என்று பதில் வந்தது. அண்ணன் அடுத்த மனுவோடு வெறும் ரோட்டில் தானே குறுக்கே நின்று எடுத்த போட்டோவை வைத்தார். அதற்கு வேகத்தடை வந்தது. மேப்பும் ரோடும் மறுபடி ஒன்றாயின.

ஏன் இதெல்லாம் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். புதிதாக வந்த ஒரு டிரைவருக்கு முதல் எடைச்சீட்டை இவர்தான் எழுதிக் கொடுத்தாராம். கால்மணி நேரத்தில் ஏழாவது வளைவில் லாரி கவிழ்ந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் பிழைக்கவில்லை. “அந்தத் தம்பிக்கு அங்க வளைவு இருக்கறதே தெரியாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த லாரியை மேடையில் ஏறச் சொல்லிக் கைகாட்டினார்.

பிறகு நான் சென்னைக்கு வேலை மாறிப் போனேன். கம்பெனியின் அறிவிப்பு வந்ததும் அண்ணன் போன் செய்தார். விவரம் இதுதான்: அந்த கேம் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் கம்பெனியின் சர்வரிடம் அனுமதி கேட்கும். மாதக் கடைசியில் அந்த சர்வரை நிறுத்தப்போகிறார்கள். அண்ணனின் ரோடு பென்டிரைவில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதைத் திறக்க கேம் இருக்காது. புதிய கேமை நான் பார்த்தேன். கண்ணாடியில் மழைத்துளி வழிவதுகூடத் தெரிகிறது. ஆனால் அதில் நாமே ரோடு போட முடியாது. கம்பெனி தரும் ரோடுகளில்தான் ஓட்டலாம். அவர்கள் எங்கள் சுரங்கத்து ரோட்டை ஒருநாளும் தரப்போவதில்லை.

அனுமதிச் சோதனையைத் தாண்ட இணையத்தில் திருட்டு வழிகள் உண்டு என்றேன். அதிக பாரம் ஏற்றிய ஒரு லாரியைக்கூட மேடை தாண்ட விடாதவர் அவர். “பணம் கொடுத்து வாங்கின சாமான் பாப்பா. அதுக்கு எதுக்குத் திருடன் மாதிரி போவணும்?” என்றார்.

ஆகவே கடிதம் எழுதினோம். நான் மூன்று கோரிக்கைகளை வகுத்தேன். சர்வரைக் குறைந்த செலவில் ஓடவிடுங்கள். முடியாவிட்டால், அனுமதி கேட்காமல் திறக்கும்படி கடைசியாக ஒரு திருத்தம் கொடுங்கள். என் தொழிலில் அது பெரிய வேலையே இல்லை. இதுவும் முடியாவிட்டால், பழைய ரோடுகளைப் புதிய கேமில் ஏற்ற வழி விடுங்கள். விற்றது உங்கள் சரக்கு, அதற்குள் கட்டியது இவருடையது, சேர்த்து மூட உங்களுக்கு என்ன உரிமை என்றும் எழுதினேன். அண்ணன் அந்த வரியை அடித்து நீக்கச் சொன்னார்.

“புதுசு வேணாம்னு எழுது. இருக்கறத எடுக்காதீங்கன்னு எழுது. அது போதும்.”

டிரைவர்கள் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் லாரி நம்பரையும் எழுதினார்கள். மின்னஞ்சலில் அனுப்பிய இரண்டு நிமிடத்தில் நன்றி சொல்லித் தானியங்கிப் பதில் வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தது. அண்ணன் ஐந்து கொடுத்தார். “ஒடனே பதில் போட்டாங்கல்ல” என்றார்.

சர்வர் நிற்பதற்கு முதல் நாள் கேமைத் திறந்தார். திறந்த கேம் மறுபடி அனுமதி கேட்காது, மூடினால்தான் கேட்கும். அன்றிலிருந்து மூடவில்லை. கணினிமேல் ‘அணைக்காதீர்’ என்று எடைச்சீட்டின் பின்புறத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.

அடுத்து வந்தது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. சுரங்கத்து ஜெனரேட்டர் ரிப்பேரில் இருந்தது. எடைமேடை இன்வெர்ட்டரின் பழைய பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். லீவு போட்டு முந்தின ராத்திரி பஸ்ஸில் கிளம்பிக் காலையில் போய் இறங்கினேன். போய்ப் பார்த்தால், எனக்கு முன்பே செல்வம் தன் லாரியின் பேட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒன்று இறங்குவதற்கு முன் அடுத்ததைப் பக்கத்தில் இணைத்து, நான்கு மணிவரை ஓட்டினோம். வரிசையின் முதல் மூன்று லாரிகளும் பேட்டரி இல்லாமல் நின்றதால், பின்னால் ஒரு வண்டியும் நகரவில்லை. சூப்பர்வைசர் வந்து கத்தினார்.

“அண்ணன் ரோட்டுக்குக் குடுத்திருக்கோம் சார். கரன்ட் வந்ததும் கெளம்பிடுவோம்” என்றார் செல்வம்.

அண்ணன் இன்வெர்ட்டரின் சிறிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதைய நிலை இதுதான். கம்பெனியிடமிருந்து வேறு பதில் இல்லை. கேம் திறந்தபடியே இருக்கிறது. போன வாரம் சேர்ந்த டிரைவர் மூன்று நடையும் முடித்துவிட்டார். அடுத்த மாத மின்தடை நாளுக்கு நான் இப்போதே லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.