அப்பா நம்புகிற அந்தப் பிள்ளை

புன்னைக்காயல்,
செவ்வாய்க்கிழமை.

முத்துக்கரை வானொலியின் செய்தி ஆசிரியர் கிருபாநிதி சார் அவர்களுக்கு, ஜெரால்டு மகள் எமில்டா வணக்கம் சொல்லி எழுதுவது. மாதா அருளால் நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கடைக்குப் போனால்கூடப் பேசக் கூச்சப்பட்டு, சாமானைக் கையால் காட்டித்தான் வாங்குவேன். அதனால் எழுத்தில் சூடு கூடினால் பொறுத்துக்கொள்ளவும். பொறுக்காவிட்டாலும் சரி.

போன வெள்ளிக்கிழமை காலை, காற்று பலமாக வீசும், கடலுக்குப் போகாதீர்கள் என்று உங்கள் வானொலியில் வாசித்தார்கள். அப்பா வள்ளத்துக்கு டீசல் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் செய்தியைக் கேட்க மாட்டார், செய்திக்குப் பின்னால் என்ன சத்தம் வருகிறது என்றுதான் கேட்பார். "பொறத்தால ஏசி இரையுது பாத்தியா? சன்னலச் சாத்திட்டு இருக்கவனுக்குக் காத்தப் பத்தி என்னளா தெரியும்?" என்றார். பக்கத்து வீட்டு ஹென்றி மாமா, தினமும் மரண அறிவித்தல் வாசிக்கிற இலங்கை வானொலியை மட்டும்தான் நம்புவார். "செத்தவன் பேரத் தப்பில்லாம சொல்லுதாம்லா, அவன் காத்தத் தப்பாச் சொல்லுவானா?" அப்போது இலங்கை வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுப் போட்டால் கடல் நன்றாக இருக்கிறது என்று பொருளாம்! "போவாண்டாம்ப்பா" என்று முணுமுணுத்தேன். "நீ வாய்க்குள்ளயே பேசு" என்றார் அப்பா.

அந்த ஆத்திரத்தில்தான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்து, உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்குக் குரலைப் பதிந்து அனுப்பினேன். ஏசியை நிறுத்திவிட்டு அந்தச் செய்தியை நீங்களே மறுபடி வாசியுங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, "கடலுக்குப் போகாதீங்க, காத்து வருது" என்று நான் அழுததை மட்டும் 'ஒரு மீனவர் மகளின் வேண்டுகோள்' என்று ஒலிபரப்பிவிட்டீர்கள்! அப்பா டீசல் கேனைக் கீழே வைத்தார். "ஏலே ஹென்றி, கேட்டியா? பொறத்தால கோழி கத்துது. குடும்பத்துப் பிள்ள சொல்லுது, பொய் சொல்லாது" என்றார். அது எங்கள் கோழி சார்!

இருவரும் போகவில்லை. மதியம் வந்த காற்று எங்கள் கூரைத் தகரத்தையே பிய்த்துக்கொண்டு போனது. கடலில் இருந்திருந்தால்? அப்பா கோயிலுக்குப் போய் அந்தப் பிள்ளைக்காக மெழுகுதிரி ஏற்றினார். எனக்குக் கிடைத்தது: "அந்தப் பிள்ளயப் பாருளா, என்னமா தைரியமாப் பேசுது! நீயும் இருக்கியே!" அன்றிலிருந்து எனக்குச் சோற்றுக்குத் தொடுகறி இதுதான். நான்தான் அது என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அந்தப் பிள்ளையையும் நம்ப மாட்டார்.

ஆகையால் இனி என் குரலை ஒருபோதும் ஒலிபரப்பக் கூடாது. பதிவை அழித்துவிடவும். உங்கள் செய்தியை நம்பவைப்பது உங்கள் வேலை. சம்பளம் வாங்குவது நீங்கள், ஏச்சு வாங்குவது நானா?

மாதா உங்கள் வானொலியையும் அதில் வேலை செய்வோரையும் காத்து, நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
எமில்டா

பி.கு.: இதைப் படம் பிடித்து அனுப்பப் போகும்போதே உங்கள் அறிவிப்பு வந்துவிட்டது. நாளை மறுபடியும் காற்றாம். "ஏசிக்காரன் கெடக்கான், அந்தப் பிள்ள சொல்லட்டும் பாப்போம்" என்று அப்பா வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இத்துடன் புதிய பதிவு அனுப்பியிருக்கிறேன், உடனே போடவும். போன தடவையைவிடச் சத்தமாகவே பேசியிருக்கிறேன். பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் சார், அப்பா கடலுக்குக் கிளம்பிவிடுவார்.