கோட்டின் மேல் ஒரு கல்யாணம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தைக்குப் பயந்தவர்கள் உண்டு. அட்டைக்குப் பயந்தவர்கள் உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவுக்குப் பயப்படாதவர்களே கிடையாது. ஆனால் ஒரே ஒரு வார்த்தைக்குப் பயந்து வரிசை வீடுகளான எங்கள் லயமே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது என்றால், அது சைப்ரஸ் அக்காவுக்காகத்தான். அந்த வார்த்தை 'எல்லை'.

பூசாரி ஐயாகூட வெள்ளிக்கிழமைப் பூசையில் "அம்மனோட கருணைக்கு எல்லையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையை ஒரு திருட்டுப் பார்வை பார்ப்பார். "அப்படிச் சொல்லுங்க பூசாரி! எங்கயுமே இல்ல!" என்று அங்கேயிருந்து அக்காவின் சத்தம் வரும். அதுவும் தீபாராதனை நேரத்தில்! நான் அதிர்ந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அவளுடைய சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. சைப்ரஸ் தீவில் ஒரு வயதான மேடத்தின் வீட்டில் வருசக்கணக்காக வேலை செய்துவிட்டு வந்தவள். அதனால் கஹவத்தை பஸ் கண்டக்டர் வரைக்கும் அவள் சைப்ரஸ் அக்காதான். "இல்லை" என்று சொல்ல மாட்டாள். அந்த ஊர்ப் பாஷையில் "ஓஹி" என்பாள். தோட்டத்து அதிகாரி, தொரையே கூப்பிட்டாலும் ஓஹிதான்.

அவள் ஊரில் இல்லாதபோதுதான் இங்கே அந்த அநியாயம் நடந்தது. அவள் வீட்டுக்காரர் பெரியசாமி அண்ணன். அவருடைய கூடப்பிறந்த தம்பி சின்னச்சாமி. இரண்டு பேருக்கும் லயத்தில் அடுத்தடுத்த காம்பரா, ஒற்றை அறை வீடு. சின்னச்சாமிக்கு அடுத்தது, லயத்தின் பள்ளக் கடைசியில், எங்களுடையது. பெரியசாமி அண்ணன் கூரைத் தகரத்தில் டிவிக்கு டிஷ் பூட்டினார். ஆணி அடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. ஒழுகியது சின்னச்சாமியின் கட்டில்மேல். எங்கள் பக்கத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மழைக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார்கள். நாலாவது மழைக்கு, தீபாவளிக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை எடுத்து, இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து வாசல் வழியாக ரோட்டு மதகு வரைக்கும் சின்னச்சாமி ஒரு கோடு போட்டான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டு பேரும் போய் அம்மன் சன்னிதியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். "நானும் என் வீட்டாளுங்களும் கோட்டைத் தாண்ட மாட்டோம், அந்தப் பக்கத்து நல்லது கெட்டதுல கால் வைக்க மாட்டோம், வச்சா நீ கேளு தாயே!" தெய்வக் குற்றம் ஆகுமே என்று நான் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் கற்பூரம் அணைவதற்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. கோயில் மேட்டில், பெரியசாமி அண்ணன் பக்கத்தில். குடிதண்ணீர் பிடிக்கும் பீலி பள்ளத்தில், சின்னச்சாமி பக்கத்தில். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை, மற்ற வீட்டுக்குச் சாமி இல்லை.

இந்த நிலைமையில் சைப்ரஸ் அக்கா பெரிய சூட்கேசோடு வந்து இறங்கினாள். கோட்டைப் பார்த்தாள். சூட்கேசைக் கீழே போட்டாள்.

"இது என்னாங்க?"

"எல்லை" என்றார் பெரியசாமி அண்ணன், கொஞ்சம் பெருமையோடு.

அவ்வளவுதான். லயத்துக் கோழியெல்லாம் பறந்தது. "எல்லையா? இன்னொரு தடவ சொல்லுங்க பாப்போம்! கோடுன்னு சொல்லுங்க. வெறும் கோடு! எல்லைன்னு சொன்னா அதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்!"

ஊருக்கு வந்த மனைவி கணவனைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு இது. நான் விளக்கேற்ற வந்தவள், தீப்பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் இந்தக் கோபத்தின் வேர் எங்கே என்று தெரிந்தது. சைப்ரஸ் தீவை நடுவில் ஒரு கோடு இரண்டாகப் பிரிக்கிறதாம். கலவரம் நடந்த காலத்தில் வெள்ளைக்காரத் தொரை ஒருத்தன் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் இழுத்த கோடாம் அது. மேடம் இருந்தது இந்தப் பக்கம். பிறந்து வளர்ந்த வீடு அந்தப் பக்கம். மொட்டைமாடியில் நின்றால் அந்த வீட்டு எலுமிச்சை மரமே தெரியுமாம்.

"பொறகு கேட்டைத் திறந்து விட்டாங்க தங்கச்சி. கார்டைக் காட்டுனா போய்ட்டு வரலாம். எங்க மேடம் போகல. 'என் வீட்டுக்குப் போக நான் எதுக்குடி கார்டு காட்டணும்? காட்டுனா அது எல்லைன்னு நான் ஒத்துக்கிட்டதா ஆகும்'னு சொல்லிருச்சு. அந்தப் பக்கத்துக்காரங்க, எல்லைதான்னு சொல்றாங்க. இந்தப் பக்கத்துக்காரங்க, இல்லவே இல்ல, சண்டை நிறுத்துன கோடுன்னு சொல்றாங்க. சாப்பாட்டு மேசையில தினமும் இதே சண்டை. நான் போன புதுசுல தெரியாம 'பார்டர் கிட்டவா மேடம்'னு கேட்டுட்டேன். அன்னைக்கு எனக்கு ராச்சோறு இல்ல!"

மகன் ஒருநாள் தாயிடம் சொல்லாமல் கார்டைக் காட்டி அந்தப் பக்கம் போய், சொந்த மரத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் பறித்து வந்தானாம். மேடம் அதை முகர்ந்து பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேசையில் வைத்துவிட்டதாம். கடைசி வரைக்கும் நறுக்கவில்லை. கார்டு காட்டிக்கொண்டு வந்த பழமாம். அந்தக் காய்ந்த எலுமிச்சையைச் சைப்ரஸ் அக்கா சூட்கேசில் கொண்டுவந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். முருகன் படத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில், கறுத்துப்போன ஒரு எலுமிச்சை! அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் கும்பிடுவேன்.

கோட்டை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் புருஷன் அம்மன்மேல் செய்த சத்தியத்தை மீறவும் மனசு வரவில்லை. ஆகவே தாண்டவும் மாட்டாள், தாண்ட மாட்டேன் என்று சொல்லவும் மாட்டாள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு யாரும் கூட்டக் கூடாது என்று சட்டம் போட்டாள். சைப்ரஸில் கோட்டை ஒட்டிய நிலத்தை அப்படித்தான் யாரும் தொடாமல் விடுவார்களாம். புல் முளைத்தது. கோழிகள் அங்கே போய் முட்டையிட்டன. முட்டை யாருக்கு?

"ரெண்டு பேருக்கும் இல்ல. அம்மனுக்கு!" என்று தட்டில் அடுக்கிக் கோயிலுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"ஐயோ அக்கா! சைவப் பூசை! முட்டையா?"

"நடுவுல கிடந்தது தங்கச்சி. நியாயமா சாமிக்குத்தானே சேரணும்?"

தீட்டுப் போக, பூசாரி ஐயா அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

என்மேல் சத்தியம் எதுவும் இல்லை. ஆகவே மேலே தண்ணீரும் கீழே விபூதியும் தூக்கிக்கொண்டு நான்தான் நடந்தேன். "வந்துட்டா எங்க ஐ.நா. சபை" என்பாள் சைப்ரஸ் அக்கா. விபூதி சின்னச்சாமியின் பெண்சாதி மாரியாயிக்கு. அவள் பீலியடியில் நின்று கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. விபூதியை வாங்கும்போது மட்டும் "கவிதா சாப்புட்டாளா?" என்று கேட்பாள்.

கவிதா சைப்ரஸ் அக்காவின் ஒரே மகள். பெற்றவள் கடல் தாண்டிப் போனபோது பால் மறந்த குழந்தை. வளர்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி, பெரிய பிள்ளையானபோது தண்ணீர் ஊற்றியது எல்லாம் சின்னம்மா மாரியாயிதான். பிறகு வந்தது இந்தக் கோடு.

கவிதாவுக்குக் கித்துல்கலயில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். நாள் குறித்தார்கள். பெண் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "சின்னம்மா இல்லாம நான் மாலை போட்டுக்க மாட்டேன்."

"கஹவத்தையில மண்டபம் எடுத்தா என்னா?" என்று கேட்டேன். எங்கே எடுத்தாலும் அது அந்தப் பக்கத்து விசேஷம்தான், சத்தியம் சத்தியம்தான் என்று சின்னச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினான். பரிகாரம் செய்து சத்தியத்தைத் திருப்பலாம் என்றார் பூசாரி. யார் முதலில் திருப்புவது? "அவன் திருப்பட்டும்." "அவரு திருப்பட்டும்." மாப்பிள்ளை வீட்டார் வேறு, "என்னாங்க, பொண்ணு வீட்டுல ஏதாச்சும் சிக்கலா?" என்று போனில் கேட்க ஆரம்பித்தார்கள்.

சைப்ரஸ் அக்கா அன்றைக்கு ஓஹிகூடச் சொல்லவில்லை. சாமி படத்து முன்னால் உட்கார்ந்து அந்த எலுமிச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தேன்.

"எங்க மேடம் சொன்னதுல ஒரு தப்பு இல்ல தங்கச்சி" என்றாள். "எல்லைன்னு ஒரு நாளும் ஒத்துக்கல. சாகுற வரைக்கும் ஒத்துக்கல. வீட்டுக்கும் போகல."

சட்டென்று நிமிர்ந்தாள். "அந்தப் பச்சைப் பென்சிலு கொஞ்சம் மொத்தமாம். கோட்டோட மொத்தத்துக்குள்ளயே தெருவும் வீடுமா அகப்பட்டுக்கிச்சாம். அதுக்குள்ள இருந்தவங்க எந்தப் பக்கமும் இல்லையாம்." சொல்லிவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டினாள். கஹவத்தை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தது ஒரு முச்சக்கர வண்டி நிறையச் சுண்ணாம்போடு. அன்று பின்னேரமே விளக்குமாற்றைக் கரைசலில் முக்கி, கோட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தாள். முழ அகலம் ஆனது. பாய் அகலம் ஆனது. மறுநாள் இரண்டு கட்டில் போடுகிற அகலம். சுண்ணாம்பு முடிந்து மறுபடி போனபோது சிங்களக் கடைப் பையன், "அக்கே, தவ ஹுணுத? இன்னும் சுண்ணாம்பா?" என்று வாயைப் பிளந்தானாம். "ஓவ் மல்லி, ஆமா தம்பி, கோடு இன்னும் முடியல" என்றாளாம் இவள்.

லயமே கூடி நின்றது. "பொம்பளைக்குப் புத்தி கலங்கிருச்சு" என்றார் பெரியசாமி அண்ணன். எனக்கும் அந்தப் பயம்தான். வேப்பிலையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் விளக்குமாற்றை ஊன்றி நிமிர்ந்தாள். "கொழுந்தனாரே! நீங்க போட்ட கோடுதானே இது? நான் அழிச்சேனா?"

"இல்ல..." என்றான் சின்னச்சாமி.

"தாண்டக் கூடாதுன்னுதானே சத்தியம்? மேல நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

"அப்படி... சொல்லல."

"அப்ப கேட்டுக்குங்க. கல்யாணம் அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. பந்தல் கோட்டுமேல. நீங்க உங்க பக்கத்துலேர்ந்து ஏறுங்க, அவரு அவரு பக்கத்துலேர்ந்து ஏறட்டும். எவனும் எதையும் தாண்டப் போறதில்ல!"

இப்படியும் ஒரு மனுஷி யோசிப்பாளா? ஆனால் அம்மன் விஷயம், விளையாட்டு இல்லையே. பூக்கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். பூசாரி கண்ணை மூடி எடுத்தார். வெள்ளை வந்தது. உத்தரவு!

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வான் வண்டியில் வந்து இறங்கி, வாசல் முழுக்கச் சுண்ணாம்பைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். "எங்க ஊரு வழக்கமுங்க, ரொம்ப விசேஷம்" என்று சைப்ரஸ் அக்கா கூசாமல் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினாள்.

மாரியாயி பீலிப் பக்கத்திலிருந்து ஒரு காலை எடுத்து வெள்ளையில் வைத்தாள். கவிதாவைப் பார்த்தாள். பிறகு அவளை யாரும் பிடிக்க முடியவில்லை.

தாரை வார்க்கிற நேரம். பூசாரி செம்பைப் பெற்றவளிடம் நீட்டினார். சைப்ரஸ் அக்கா வாங்கவில்லை. "ஓஹி. பெத்தது நான், வளத்தது அவ. நாலு பேரும் புடிப்போம்" என்றாள். பெரியசாமி அண்ணனின் கைமேல் சின்னச்சாமியின் கை. அதன்மேல் மாரியாயியின் கை, எல்லாவற்றுக்கும் அடியில் சைப்ரஸ் அக்காவின் கை. செம்பு சாய்ந்தது. யார் கை சாய்த்தது என்று சொல்ல முடியாது.

தாலி ஏறியதுதான் தாமதம், வானம் பிய்த்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை. பந்தல் தகரம் தடதடவென்று அதிர, மேட்டிலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்து சுண்ணாம்பைக் கரைத்தது. பால்போல வெள்ளைத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது.

"ஐயோ, கோடு போச்சு! இப்ப எந்தப் பக்கம் நிக்கிறோம்?" என்று சின்னச்சாமி கத்தினான்.

"யாரும் அசையாதீங்க!" என்று சைப்ரஸ் அக்கா கையை உயர்த்தினாள். "நாம தாண்டல. கோடுதான் நம்மளத் தாண்டிப் போகுது! எது வரைக்கும் போகுதோ, அது வரைக்கும் கோடு!"

போனது. பெரியசாமி வீட்டுப் படியை நனைத்தது. சின்னச்சாமி வீட்டுக்குள்ளேயே புகுந்தது. பீலிக் கான் வாய்க்காலில் இறங்கியது. கோயிலுக்கு மட்டும் அது ஏறவில்லை, கோயில் மேட்டில் அல்லவா? மாரியாயிதான் வெள்ளைக் காலோடு மேலே ஏறிப் போனாள், படிக்குப் படி வெள்ளைத் தடம். ஒருவரும் தடுக்கவில்லை. சுண்ணாம்பைக் கரைத்தது மழை என்று மற்றவர்கள் சொல்லட்டும். யார் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தண்ணீர் கடைசியாக வந்து தேங்கியது என் வாசற்படியில். "என் வீட்டுக்கு எதுக்கு அக்கா இது? எனக்குத்தான் சத்தியமே இல்லையே!" என்றேன்.

"சும்மா இரு தங்கச்சி" என்றாள், நனைந்த கூந்தலைப் பிழிந்துகொண்டே. "உன்னை மட்டும் வெளிய விடச் சொல்றியா?"

தீபாவளிக்குத் தீபாவளி வீடு முழுக்கக் கழுவி மெழுகுகிறேன். அந்தப் படியில் மட்டும், வெள்ளை படிந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் கோலம் போடுகிறேன்.