வடக்கு பார்த்த ஹார்ட் டிஸ்க்

டொலீடோவில் அந்தச் சனிக்கிழமை காலை, தீயணைப்பு நிலைய மண்டபத்தின் முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தவர்கள், உள்ளே யாரோ இலவசமாக வீடு கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதெல்லாம் இல்லை. உள்ளே ஒரு மனிதர் ஹார்ட் டிஸ்க்குகளை வடக்குப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு டிஸ்க்கைத் திருப்ப அறுபது டாலர்.

வரிசை கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வளைந்து சாலை வரைக்கும் வந்துவிட்டது. ஆளுக்கொரு டிஸ்க். சிலர் குளிருக்கு அடக்கமாகத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். ஒருவர் ஐந்து கொண்டுவந்து, எதற்கு முதலில் பார்ப்பது என்று முடிவு செய்ய முடியாமல் தவித்தார். பக்கத்து மாநிலத்திலிருந்து விடியற்காலை கிளம்பி வந்தவர்களும் உண்டு.

"என் மச்சான் டிஸ்க்கு முப்பது வினாடி எடுத்துக்கும். டாக்டர் திருப்பினதும் ரெண்டு வினாடி. அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டான்" என்றார் ஒருவர்.

"எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு ரெண்டுகூட இல்லையாம், ஒண்ணரையாம்" என்றார் பின்னால் நின்றவர். அற்புதம் என்று வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் நடக்கும்.

வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக நார்பர்ட் கிளைன் நின்றார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், வயது அறுபத்தொன்று. அவருடைய டிஸ்க் ஒரு மாதமாக 'டிக், டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மகள் கிரெட்சனின் கல்யாணப் படங்களும் வீடியோவும் முழுவதும் அதில்தான் இருந்தன. அதில் மட்டும்தான். படம் எடுத்தவர், "இன்னொரு நகலும் போட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்டபோது, "எங்க வீட்ல கம்ப்யூட்டர் ஆளே நான்தான், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்ட புண்ணியவான் அவர். படம் எடுத்தவர் பிறகு கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். விஷயம் மனைவி லொரெய்னுக்குத் தெரியாது. அடுத்த மாதம் மகளின் கல்யாண நாளுக்கு எல்லோருக்கும் படம் போட்டுக் காட்டப்போவதாக லொரெய்ன் இரண்டு பக்கத்து உறவுக்காரர்களையும் அழைத்தாகிவிட்டது. நார்பர்ட்டுக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

இந்த வரிசையில் நின்றவர்கள் முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டாள்களாக இருந்திருந்தால் ஏமாற்ற இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. அத்தனை பேரும் வீட்டுக் கணினிக்காரர்கள் சங்கத்து உறுப்பினர்கள். கடையில் கட்டி வைத்த கணினியை வாங்குகிறவனைப் பார்த்தால் அனுதாபப்படுகிறவர்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை பாகங்களைத் தூக்கிக்கொண்டு இங்கே கூடி, எது வேகம், எது சூடாகிறது, எந்த விசிறி கத்துகிறது என்று அளந்து பெரிய வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். விசிறிச் சத்தத்தை அளக்கும்போது மண்டபமே மூச்சை அடக்கி நிற்கும். மூன்று சதவீத வித்தியாசத்துக்காக மூன்று வருஷம் பேசாமல் இருந்த நண்பர்கள் அங்கே உண்டு. அதில் ஒருவர் நார்பர்ட். இன்னொருவர் பலகையில் எழுதும் பெர்னடெட் கொவாச். ஆஸ்பத்திரிச் சலவை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பெண்மணி. எல்லோருக்கும் பெர்னி.

டிஸ்க்கைச் சோதிக்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது. நாலு ஜிபி கோப்பு ஒன்றை டிஸ்க்கிலிருந்து கணினி முழுவதுமாகப் படிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். ஆரம்ப காலத்தில் ஆளாளுக்குப் பத்துத் தடவை ஓட்டி, நல்லதாக வந்ததை மட்டும் பலகையில் எழுதச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அதனால் சட்டம் போட்டார்கள்: ஒரு டிஸ்க்குக்கு ஒரே ஓட்டம். ஓட்டியதும் கணினியை அணைக்க வேண்டும், டிஸ்க்கைக் கழற்ற வேண்டும், அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். பதினொரு வருஷமாக அந்த மண்டபத்தில் ஒரு டிஸ்க்கை யாரும் இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்ததே இல்லை. நேர்மைக்காகப் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தின் முதுகில் ஏறித்தான் டாக்டர் ராய்ஸ் ஹாலோவே மண்டபத்துக்குள் வந்து இறங்கினார்.

எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் அதைக் கேட்பது மரியாதையா?

"உங்க டிஸ்க்குக்குள்ள கோடிக்கணக்கான காந்தத் துகள் இருக்கு" என்று டாக்டர் கனிந்த குரலில் ஆரம்பித்தார். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திக்கைப் பார்த்துட்டு நிக்குது. பூமிக்கே வடக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. உங்க டிஸ்க்கு மட்டும் கிழக்கே பார்த்துட்டு நின்னா அதுக்கு வேகம் எங்கேருந்து வரும்?"

கூட்டம் தலையை ஆட்டியது. பின்னால் ஒருவர் தன் கைபேசியை எடுத்து, தான் எந்தத் திக்கைப் பார்த்து நிற்கிறார் என்று சரிபார்த்துக்கொண்டார்.

நார்பர்ட்டின் முறை வந்தது. டாக்டர் டிஸ்க்கைக் கணினியில் மாட்டினார். அதிலேயே இருந்த நாலு ஜிபி கல்யாண வீடியோவைப் படிக்கச் சொல்லி ஓட்டினார். டிக், டிக், டிக். திரையில் எழுபத்தொரு வினாடி என்று வந்தது.

"பாவம், ரொம்ப நாளா தெற்கே பார்த்துட்டு இருந்திருக்கு" என்றார் டாக்டர்.

"அந்த டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருதே, டாக்டர்."

"மூச்சு விடுது. பயப்படாதீங்க."

வயரைக் கழற்றாமலே, டிஸ்க்கை அப்படியே ஒரு செம்புத் தட்டில் வைத்தார். கழற்றினால் ஓட்டம் அறுந்துவிடுமாம். சுருதி பார்க்கும் இசைக் கவை ஒன்றை முழங்காலில் தட்டி, 'ம்ம்ம்' என்று அது பாடப் பாட டிஸ்க்குக்கு மேலே மூன்று முறை சுற்றினார். பிறகு தட்டை மெல்ல வடக்கே திருப்பினார். ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்கை இப்படித் திருப்புவதைப் பார்த்து, பலகைப் பக்கம் நின்ற பெர்னி கண்ணை மூடிக்கொண்டார்.

மறுபடி ஓட்டினார். சத்தமே இல்லை. இரண்டு வினாடி.

மண்டபம் ஆரவாரித்தது. நார்பர்ட் டாக்டரைக் கட்டிப்பிடித்தார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. டாக்டர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு விரலை உயர்த்தினார். "ஒரே ஒரு பத்தியம். ஆறு வாரத்துக்கு இதிலேருந்து நகல் எதுவும் எடுக்காதீங்க. வீட்ல சோதிச்சுப் பார்க்கவும் கூடாது. எடுத்தா ஒழுங்கு கலைஞ்சிடும். அப்புறம் நான் பொறுப்பில்ல."

"எடுக்கவே மாட்டேன், டாக்டர்" என்றார் நார்பர்ட்.

பெர்னி பலகையில் '2' என்று எழுதப் போனவர் எழுதவில்லை. கையில் பேனாவோடு டிஸ்க்கின் வயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நார்பர்ட், இங்க வா."

"பேச மாட்டேன்னு சொன்னது நீதான்."

"இப்ப பேசறேன். நாலு ஜிபி இந்த வயர் வழியா வர எவ்ளோ நேரம் ஆகும், நீயே சொல்லு. எவ்ளோ முட்டி மோதினாலும் ஏழு வினாடிக்குக் கீழே வராது. உன் டிஸ்க்கு ரெண்டே வினாடில அனுப்பிச்சிருக்கு. வயர் வழியா வரலைன்னா, மீதி ஜன்னல் வழியாவா வந்துச்சு?"

"அதான் அற்புதம்ங்கறாங்க."

"மூணு சதவீதம் கூட வந்ததுக்கு என்னைத் திருடின்னு சொன்னே. இப்ப முப்பது மடங்கு கூட வருது, அற்புதம்ங்கறே."

நார்பர்ட்டுக்குச் சந்தேகம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வாரம் கழித்து இன்றைக்குத்தான் தூங்கலாம் என்று இருந்தார், இந்தப் பெண் அதையும் கெடுக்கிறாள்.

டாக்டர் புன்னகைத்தார். "சந்தேகப்படுறவங்க பக்கத்துல நின்னா அலை பாதிக்கும், அம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"நிக்கறேன். அதுக்கு முன்னாடி எனக்கும் வைத்தியம் தெரியும், காட்டட்டுமா?"

சொல்லிவிட்டு பெர்னி நார்பர்ட்டின் டிஸ்க்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். தன் டிஸ்க்கை மாட்டினார். ஒருமுறை ஓட்டினார். முப்பத்து மூன்று வினாடி. காப்பி மேசையிலிருந்து சர்க்கரைப் பாகு பூசிய டோனட் ஒன்றை எடுத்து வந்து, டிஸ்க்குக்கு மேலே மூன்று முறை சுற்றினார். அதிலிருந்து ஒரு கடி கடித்தார். மறுபடி ஓட்டினார்.

இரண்டு வினாடி.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், காப்பி மேசைப் பக்கம் தள்ளுமுள்ளு ஆரம்பித்தது.

"பாகு பூசினதா, சாதாவா?" என்று ஒருவர் கத்தினார்.

"கடிக்கிறது முக்கியமா, சுத்தறது முக்கியமா?" என்றார் ஐந்து டிஸ்க் கொண்டுவந்தவர்.

"எத்தனை தடவை மெல்லணும்?"

பெர்னி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, டோனட்டை விடுங்கய்யா. இப்ப பாருங்க, ஒண்ணும் செய்யல." கைகளைக் கட்டிக்கொண்டு, முழங்கையால் பொத்தானைத் தட்டி ஓட்டினார். இரண்டு வினாடி. இன்னொரு முறை. இரண்டு வினாடி. டிஸ்க்கைத் தெற்கே திருப்பி வைக்கவும் ஆளைக் கூப்பிட்டார், யாருக்கும் தைரியம் வரவில்லை.

"ஒரு தடவை படிச்சதைக் கம்ப்யூட்டர் தன் நினைவுல வெச்சுக்குது. மறுபடி கேட்டா டிஸ்க்கைக் கேக்காமலே ஒப்பிச்சுடுது. அதான் சத்தமும் வரல. டிஸ்க்கு இருந்த இடத்துலதான் இருக்கு, இருந்த நோயோடதான் இருக்கு. கம்ப்யூட்டரை அணைச்சா நினைவு போயிடும்."

அந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு இது ஏற்கெனவே தெரியும். சிலர் இதைப் பற்றிச் சங்கச் செய்தித்தாளில் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். தெரிந்ததை அன்றைக்கு நினைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை, வரிசையில் இடம் போய்விடுமே.

"அப்ப ஒண்ணு செய்யலாம்" என்றார் பெர்னி. "அணைச்சுட்டுப் போடுவோம். முன்னாடி ஓட்டவே வேண்டாம். டாக்டர் முதல்ல வடக்கே திருப்பட்டும், அப்புறம் ஓட்டுவோம். வடக்குல சத்து இருந்தா முதல் தடவையே ரெண்டு வினாடி வரணும்ல?"

"நோய் என்னன்னு பார்க்காம வைத்தியம் செய்ய முடியாது" என்றார் டாக்டர். அவர் குரலில் கனிவு கொஞ்சம் குறைந்திருந்தது. "அணைச்சா ஒழுங்கு கலையும். நான் அப்பவே எச்சரிச்சேன்."

எல்லோரும் கணினியின் பொத்தானைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. கொடுத்த அறுபது டாலர் கையைப் பிடித்து இழுத்தது.

நார்பர்ட் கையிலிருந்த தன் டிஸ்க்கைப் பார்த்தார். ஆறு வாரம் நகல் எடுக்கக் கூடாது என்று ஒரு வைத்தியர் ஏன் சொல்ல வேண்டும்? குணமான ஆளை நடக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்களா? பேருந்தில் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, ஆறு வாரம் பிரேக்கை மிதிக்காதே என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அவர் என்ன சொல்வார்? இவள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவர் மேசைப் பக்கம் போய்ப் பொத்தானை அழுத்தினார்.

கணினி அணைந்தது. மறுபடி எழுந்தது.

"திருப்புங்க, டாக்டர்" என்றார் நார்பர்ட்.

இருநூறு பேர் பார்க்கும்போது மறுக்க முடியாது. டாக்டர் கவையைத் தட்டினார், முன்னைவிடப் பலமாகவே தட்டினார். மாட்டியிருந்த பெர்னியின் டிஸ்க்குக்கு மேலே ஏழு சுற்று சுற்றினார். வடக்கே திருப்பினார், போதாது என்று இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளினார். நார்பர்ட் ஓட்டினார். பத்து வினாடி. பதினைந்து. கூட்டமே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. "முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, முப்பத்து மூணு." அங்கேதான் ஓட்டம் முடிந்தது, முன்னே வந்த அதே கணக்கு.

"நீ திருப்பினதால ஒரு வினாடியாவது குறைஞ்சுதாய்யா, டாக்டரே?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு கூரையைப் பிளந்தது.

டாக்டர் மண்டபத்துக் காற்று சரியில்லை என்றார். இரும்புக் கூரை என்றார். அடுத்த ஊரில் அவசர நோயாளி ஒருவர் காத்திருப்பதாகச் சொன்னார். கொடுத்தவர்கள் எல்லோரும் தங்கள் அறுபதைத் திரும்ப வாங்கும் வரை கதவுப் பக்கம் இரண்டு தீயணைப்பு வீரர்கள் ரொம்ப மரியாதையாக நின்றார்கள். பிறகு அவர் கிளம்பிப் போன திசை தெற்கு.

நார்பர்ட் சிரிக்கவில்லை. "பெர்னி" என்றார். தன் டிஸ்க்கை அவர் பக்கம் நீட்டினார்.

"உட்காரு. இன்னொரு தடவை அதைச் சோதிக்கிற பேச்சே வேண்டாம். நேரா நகல்தான்." பெர்னி தன் புது டிஸ்க் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். பழைய டிஸ்க்குக்கு அடியில் துண்டை மடித்து வைத்தார்.

நாலு மணி நேரம் ஆனது. டிக் டிக் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் நார்பர்ட் நாற்காலியில் ஓர் அங்குலம் எழும்பினார். கிரெட்சன் தேவாலயத்துப் படியில் நின்ற படங்கள் வந்தன. லொரெய்ன் அழுத படங்கள் வந்தன. வீடியோ வந்தது. கடைசியாக, மைத்துனர் மேசை மேல் ஏறி ஆடிய நாற்பது படங்கள் மீதி இருக்கும்போது, டிஸ்க் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அதற்குப் பிறகு எழவில்லை. அந்த நாற்பதும் போனதில் குடும்பத்தில் யாருக்கும் வருத்தம் இருக்காது.

நார்பர்ட் பெர்னியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார், நடுவிலேயே சிரித்தார். "அந்த மூணு சதவீதம் உனக்கே இருக்கட்டும்" என்றார்.

"எப்பவும் என்னுதுதான்" என்றார் பெர்னி.

பக்கத்தில் நின்ற ஐந்து டிஸ்க்காரர் செத்த டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்து, மெல்லக் கேட்டார்: "ஏன் நார்பர்ட், டாக்டர் காலைல திருப்பினதாலதான் இது நாலு மணி நேரமாவது தாங்குச்சோ?"

நார்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அது எனக்குத் தெரியாதுய்யா. அவன் பேச்சைக் கேட்டு ஆறு வாரம் சும்மா இருந்திருந்தா என் பொண்ணு கல்யாணப் படமெல்லாம் என்ன ஆயிருக்கும்னு மட்டும் தெரியும். இங்க இருநூறு பேர் நின்னோம். ஆளுக்குப் பத்து விரல். அணைச்சுப் போட்டுப் பார்க்க ஒரே ஒரு விரல் போதும். கும்பிடறதுக்குப் பத்தையும் சேர்த்தோம்."