சிவப்புக் கணக்குப் புத்தகத்தில் இல்லாத பாடம்

பிரித்தே பார்க்காத ஒரு புத்தகத்தை, "மூன்று முறை வரிவிடாமல் படித்தேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நான். அதை நம்பி ஒரு பள்ளிக்கூடமே அந்தப் புத்தகத்தை வாங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தெற்குக் கல்கத்தாவில் தமிழர்கள் நடத்திய ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். வயது இருபத்தெட்டு. எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு (அதை யாரும் கேட்காதபோதே சொல்லிவிடுவேன்). ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புவரை கணக்குப் புத்தகங்களை மாற்றுவதென்று நிர்வாகக் குழு முடிவெடுத்திருந்தது. காரணம், ஐந்தாம் வகுப்பு. அங்கே பாதிப் பிள்ளைகள், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. அடித்தாலும் அதுதான், கொஞ்சினாலும் அதுதான்.

இரண்டு பதிப்பகத்தார் ஆங்கிலப் புத்தகங்களின் மாதிரிப் பிரதிகள் அனுப்பியிருந்தார்கள். சிவப்பு அட்டை எட்டு, பச்சை அட்டை எட்டு. துர்கா பூஜை விடுமுறையில் சிவப்பை நானும் பச்சையை நந்திதாதியும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து அறிக்கை எழுத வேண்டும். நந்திதா என்னைவிடப் பதினைந்து வயது மூத்த வங்காளி ஆசிரியை. அக்காவை அவர்கள் திதி என்பார்கள். பெயரோடு சேரும்போது அது 'தி' என்று சுருங்கிவிடும். தம்பியிடம் பேசுவதுபோல என்னிடம் 'துமி', அதாவது 'நீ', என்றுதான் பேசுவார். எங்கள் பேச்சு வங்காளியில் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

அந்த விடுமுறை முழுவதும் நந்திதாதி லேக் கார்டன்ஸில் தன் வீட்டு வராந்தாவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, பச்சைப் புத்தகத்தைப் பாடம் பாடமாகச் சோதித்துப் பார்த்தார். நான் பெண் பார்க்க மெட்ராஸுக்குப் போனேன்.

ஹவுராவில் ரயிலேறியதும் சிவப்புப் புத்தகக் கட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தவன், மெட்ராஸில்தான் எழுந்தேன். அந்தப் புத்தகங்கள் என் தலைக்கு மிக அருகில் வந்தது அப்போதுதான். பெண் வீட்டுக்குப் போகும்போது கட்டிலிருந்து ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டேன், படிப்பாளி மாதிரி இருக்கட்டுமே என்று. "நூறு பள்ளிக்கூடப் பிள்ளைகளோட தலையெழுத்து இதுல இருக்கு" என்று மாமனாராகப் போகிறவரிடம் சொன்னேன். காபி கொண்டுவந்த பெண், "பாக்கலாமா?" என்று கேட்டு வாங்கிப் புரட்டினாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அடக்கமான பெண் என்று நினைத்து அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டேன்.

பள்ளி திறந்த அன்று மாலை நிர்வாகக் குழுக் கூட்டம். நந்திதாதியின் அறிக்கை முப்பது பக்கம். பிள்ளைகள் போட்ட கணக்குகளையும் அவர்கள் செய்த தவறுகளையும் ஒட்டியிருந்தார். என்னுடையது ஒரே பக்கம். காலையில் பல் தேய்த்துக்கொண்டே யோசித்தது. 'எளிமை', 'தெளிவு', 'மூன்று முறை' ஆகிய சொற்கள் அதில் இருந்தன.

செயலாளர் சேஷாத்ரி கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் பெரிய அதிகாரி. ஃபைலில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் குமாஸ்தாவை வியர்க்கவைப்பவர் என்று பெயர். என் அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஓய் மூர்த்தி, மூணு தரம் படிச்சிருக்கீர். பேஷ். அஞ்சாங்கிளாஸ்ல பின்னத்தை எப்படிச் சொல்லிக் குடுக்கறான்னு ஒரு பக்கம் வாசியும். என் பேத்தி அங்கதான் முட்டிண்டு நிக்கறா."

புத்தகத்தைத் திறந்தேன். திறக்கவில்லை.

பெரிய தாளில் பல பக்கங்களை அச்சடித்து, மடித்துத் தைத்து, பிறகு ஓரத்தை வெட்டுவார்கள். மாதிரிப் பிரதியை அவசரமாக அனுப்பியதில் அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டார்கள். முதல் நாலைந்து பக்கம் திறந்தது. மற்றதெல்லாம் மேல் ஓரத்தில் மடிப்போடு மூடி, பை பையாக இருந்தது. கத்தி வைத்துப் பிரித்தால்தான் படிக்க முடியும். மூன்று முறை படித்தவனின் புத்தகம்!

உள்ளங்கை ஈரமாகி அட்டையின் சிவப்புச் சாயம் விரலில் ஒட்டியது. ஒரு பைக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டுக்குள் ஏதோ ஒரு வகுத்தல் குறி தெரிந்தது. எதிரே ஏழு பேர். வேலை போகும், கல்யாணம் நிற்கும், ஹவுராவில் மூட்டை தூக்கக்கூட எம்.எஸ்ஸி. உதவாது என்று வரிசையாகத் தோன்றியது. காதுக்குள் டிராம் ஓடியது.

"என்னய்யா, வாசியும்!"

கண்முன்னே இருந்தது மடிந்த தாள் ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டே வாய் தானாக ஆங்கிலத்தில் பேசியது.

"ஒரு தாளை எடுத்துக்கொள். நீளவாக்கில் இரண்டாக மடி. பிறகு அகலவாக்கில் மூன்றாக மடி. இப்போது பிரித்துப் பார். எத்தனை கட்டம்? ஆறு. பாதித் தாள் என்பது மூன்று கட்டம். மூன்றில் ஒரு பங்கு என்பது இரண்டு கட்டம். சேர்த்தால் ஐந்து. ஆறு கட்டத்தில் ஐந்து கட்டம்..."

சேஷாத்ரி கூட்டக் குறிப்பை எடுத்து மடித்தார். மற்றவர்களும் மடித்தார்கள். அந்த அறையில் கொஞ்ச நேரம் தாள் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "அடடா! எனக்கே இப்பத்தானே புரியறது!" என்றார் சேஷாத்ரி.

அப்போதுதான் அது நடந்தது. நந்திதாதி தன் தாளைப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தன் முப்பது பக்க அறிக்கையைத் தானே மூடி வைத்தார்.

"பச்சைப் புத்தகத்தில் இப்படி ஒரு பாடம் இல்லை. ஐந்தாம் வகுப்புக்காகத்தானே மாற்றுகிறோம்? சிவப்பே இருக்கட்டும்."

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. சொல்லவில்லை.

"அந்தப் பக்கத்தை இப்படிக் குடும்" என்று சேஷாத்ரி கை நீட்டினார். நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. கல்கத்தாவே அன்றாடம் லோட்ஷெடிங்கைச் சபித்துக்கொண்டிருந்த காலத்தில், அதை மனமார வாழ்த்தியவன் நான் ஒருவன்தான். நவம்பர் மாலை, அறை இருண்டு கூட்டம் கலைந்தது.

தங்கியிருந்த அறைக்கு ஓடிவந்து சவர பிளேடால் பக்கங்களைக் கிழித்தேன். (வெட்டினேன் என்று சொல்ல முடியாது.) பின்னப் பாடம் இருந்தது. விதி ஒன்று, கீழே அறுபது கணக்கு. தாளும் இல்லை, மடிப்பும் இல்லை.

ஜனவரியில் புத்தகங்கள் ஒழுங்காக ஓரம் வெட்டி வந்து சேர்ந்தன. அதன்பின் வகுப்பு வாசலில் நிழல் தட்டினாலே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். தை மாதம் ஜானகியைக் கல்யாணம் செய்து அழைத்துவந்த பிறகும், பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். ஒரு நாள் நந்திதாதி வந்தார்.

"இதைக் கேள் மூர்த்தி, அந்த மடிப்புப் பாடம் எந்தப் பக்கம்? இரண்டு நாளாகத் தேடுகிறேன்."

"மாதிரிப் பிரதியில் இருந்தது, திதி. அச்சில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது." (ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை.)

"எடுத்துவிட்டார்களா! அவ்வளவு நல்ல பாடத்தையா? விடமாட்டேன். பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். நாளைக்குச் செயலாளர் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடலாம்."

வீட்டுக்கு வந்து ஜானகியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அந்தச் செவப்புப் புஸ்தகமா? அதுல பக்கமே பிரிக்கலையே. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே பாத்தேனே."

"பாத்துட்டுமா என்னைக் கட்டிண்டே?"

"அப்பாகிட்ட சொன்னேன். 'படிக்காமயே இவ்வளவு பேசறானே, பொழச்சுப்பான்'னுட்டார். நாளைக்குக் காத்தால மொதல்ல அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்கோ. கடுதாசி போறதுக்குள்ள."

போனேன். சொன்னேன். கையில் கொண்டுபோன மாதிரிப் பிரதியை நந்திதாதி வாங்கி, பிளேடு கடித்த ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"செயலாளரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார்.

நீங்கள். வங்காளியில் 'ஆப்னி'. எனக்கு அதுவரை கிடைத்த மரியாதைகளிலெல்லாம் அதுதான் வலித்தது.

சேஷாத்ரி கேட்டுவிட்டு மேஜையை மூன்று முறை தட்டினார். "உம்மை அனுப்பிட்டா புஸ்தகம் திரும்பிடுமா? ரெண்டு வருஷத்துக்கு மாத்த முடியாது. என் பேத்தி ஆறாங்கிளாஸ் போயும் நேத்திக்கும் அஞ்சுல ரெண்டுன்னு எழுதி அழுதா ஓய்! இல்லாத பாடத்தை வாசிச்சீரோன்னோ? இனிமே எழுதும். அந்தப் புஸ்தகத்துல எங்கெல்லாம் கொழந்தைகள் முட்டறதோ, அங்கெல்லாம் எழுதும்."

இரண்டு வருடம் எழுதினேன். சனிக்கிழமை ஒவ்வொன்றும் லேக் கார்டன்ஸ் வராந்தாவில் போயிற்று. நான் எழுதியதை நந்திதாதி பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்பார். புரியாவிட்டால் தாளைத் திருப்பி நீட்டுவார். மடிப்புப் பாடமே நாலாவது முறைதான் தேறியது. தேறியவற்றை சைக்ளோஸ்டைல் எடுத்து, புத்தகத்துக்குள் ஒட்டினோம். என் சட்டைகளில் மை போகவே இல்லை. செயலாளரின் பேத்தி ஆறில் ஐந்து என்று எழுதிய தாளை அவர் ஃபைலில் போட்டு வைத்தார் என்று கேள்வி. ஆனால் மடிப்புப் பாடம் தேறுவதற்குள் முதல் வருடம் முடிந்து, அதைத் தெரிந்துகொள்ளாமலே ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் வருடம் பச்சைப் புத்தகம் வந்தது. நான்தான் முன்மொழிந்தேன், எட்டையும் படித்துவிட்டு.

எங்கள் வீட்டில் இன்றும் நான் எதைப் பற்றியாவது அபிப்பிராயம் சொன்னால், அது அரசியலோ அரிசியோ, யாராவது ஒருவர் கேட்பார்கள்: "பக்கம் பிரிச்சுப் பாத்தாச்சா?" பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் சரளமாக வரும் சில வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

நந்திதாதி பல வருடம் கழித்து ஓய்வு பெற்றார். அதுவரை 'ஆப்னி'தான். விடைபெறும் நாளில் என்னைத் தனியாக அழைத்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தார். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கும் காகிதக் கத்தி, பித்தளையில்.

"துமி வைத்துக்கொள்" என்றார்.

வீட்டில் அதை ஜானகி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காபி டம்ளரோட சேத்து அன்னிக்கே நான் இதைக் குடுத்திருக்கணும்" என்றாள்.