548834 என்று ஒரு டெலிபோன்

செம்பூரில் ஒரு வீட்டில் டெலிபோன் நம்பரைக் கேட்டால் சொல்ல மாட்டார்களாம். கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமாம். மாஹிமில் யாரோ மச்சினரிடம் கேட்டு வந்து சொன்ன வதந்தி. நம்பலாம். அது எண்பித்தர் வீடு.

எண்பித்தரை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பஸ் டிக்கெட்டில் 2592 என்று இருந்தால், இரண்டை ஐந்து தரமும் ஒன்பதை இரண்டு தரமும் எழுதி எல்லாவற்றையும் பெருக்கினால் அதே 2592 வருகிறது பாருங்கள் என்று பக்கத்து ஸீட் மராட்டியக்காரருக்குத் தமிழிலேயே விளக்கி, மாதுங்காவில் இறங்க வேண்டியவர் தாதர் வரை போய், திரும்பிவர வாங்கும் டிக்கெட்டிலும் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பவர். இருக்கும். அவருக்கு எதில்தான் இருக்காது?

வேங்கடசுப்ரமணியன் இந்த இனத்தில் முதல் தரம். எட்டு வருஷம் காத்திருந்த பிறகு அவர் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. எண் 548834. வேறு யாராக இருந்தாலும் அதில் பேசியிருப்பார்கள். இவர் ஒரு வாரம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வோர் இலக்கத்தையும் ஆறு தரம் எழுதிப் பெருக்கி, ஆறு விடைகளையும் கூட்டினால் மறுபடி அதே எண் வருகிறது என்று கண்டுபிடித்தார். ஆறிலக்கத்தில் இப்படி இன்னொன்று கிடையாது!

அந்தச் சமயத்தில்தான் மகள் பாகீரதி டைப்பிஸ்ட் வேலைக்கு மனுப் போட்டாள். தேர்வானால் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் போன் வரும். எடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு, டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"அப்பா, மனுவைத் தபால்ல சேர்க்கறதுக்கு முன்னாடி நம்மாத்து நம்பரை எழுதச் சொன்னேனே, எழுதினேளா?"

"பேஷா! ஆறிலக்கம், ஒவ்வொண்ணையும் ஆறு தரம் பெருக்கிக் கூட்டினா அதுவே திரும்பி வரும்னு இங்கிலீஷ்லே அழகா எழுதினேன்."

"நம்பரை?"

"அதான்டீ நம்பர்!"

பாகீரதிக்கு அழுகை முட்டியது. தாராவியிலிருந்து வந்திருந்த ஆபீஸ் நண்பர் ஏசுதாஸ், அந்தக் கணக்கைத்தான் ஒரு காகிதத்தில் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க சார். பத்து கொறையுதுல்லா? 548824தான் வருது."

வேங்கடசுப்ரமணியனுக்கு முகம் வெளுத்தது. "குறையறதா? அப்போ மனுவிலே எழுதினது பொய்யாயிடுமே!" டெலிபோனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அது இருந்த முக்காலியில் காகிதத்தை விரித்துக் கூட்டத் தொடங்கினார்.

மடியில் மணி அடித்தது.

"அப்பா, எடுங்கோ!"

"பேசாதே, எட்டிலே இருக்கேன்."

"கொடுங்கோ இங்கே!"

அவர் இடது கையால் டெலிபோனை இறுக்கிக்கொண்டார். "பாரு, அந்த மானேஜர் கண்டுபிடிச்சுட்டான்! கெட்டிக்காரன். அவன்கிட்டே பத்து குறையறதுன்னு எந்த முகத்தோட சொல்றது?"

"ஹலோன்னு சொன்னா போதும்ப்பா!"

"எடுத்திருங்க சார். நான்தாம் தப்பா கூட்டிட்டேன் போல."

"அதை நிரூபிச்சுட்டு எடுக்கறேன்."

பதினொன்று ஐம்பத்தெட்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் சற்று முன் 548834ஐப் பார்த்ததும், இந்தப் பக்கத்து ஓரத்தில் ஐந்தை ஆறு தரம் எழுதிப் பெருக்க ஆரம்பித்தது யார்? போகட்டும். பத்து குறைகிறதா இல்லையா என்று நீங்களாவது சீக்கிரம் சொல்லித் தொலையுங்கள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.