கறுப்புத் திரையும் என் கபன் துணியும்

எழுத்தை நம்பாமல் நிறத்தை நம்பிப் போன் பாவிக்கிறவள், அந்த நிறத்தில் கை வைக்கக் கூடாது. நான் வைத்தேன். அந்த வெட்கம் இந்த ஆயுளுக்குப் போதும்.

எனக்குக் குர்ஆன் நன்றாக ஓதத் தெரியும். தமிழைத்தான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட வேண்டும். இது ஊருக்குத் தெரியாது, தெரியவும் விட்டதில்லை. (இதையும் நான் சொல்லச் சொல்ல மகள் றிஸானாதான் எழுதுகிறாள். சிரிப்பதை நிறுத்தினால் சீக்கிரம் முடியும்.)

ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பெண்களின் போன் எல்லாம் கறுப்புப் பட்டு மாதிரி இருக்கிறது. என்னுடையது மட்டும் டியூப் லைட் போல வெள்ளையாக எரிகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"றிஸானா, எனக்கும் கறுப்பாக்கித் தா."

"அதுக்கு டார்க் தீம் எண்டு பேர் உம்மா. நீலமும் இரிக்கு, பூப் போட்டதும் இரிக்கு. பாருங்க."

"பூப் போட நான் என்ன புதுப்பொண்ணா? கறுப்பப் போடு."

"பழகுற வரைக்கும் எல்லாம் வேற மாதிரித் தெரியும்."

"உன்னையே பழக்கி எடுத்தவள் நான். போடு."

போட்டுத் தந்துவிட்டு அவள் டியூசன் வகுப்பு எடுக்கப் போய்விட்டாள்.

இங்கே பரீதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பியின் மனைவி. அதற்கு முன்பே என் கூட்டாளி, ஒரே பாயில் இருந்து ஓதிப் படித்தவர்கள் நாங்கள். மச்சி என்று கூப்பிடுவாளே தவிர, எங்களுக்குள் 'நீ, வா'தான். றிஸானாவின் கல்யாணத்தில் நான் அவித்த இனிப்பை வாயில் வைத்துவிட்டு, அவ்வளவு சனத்துக்கு முன்னால், "வட்டிலப்பம் இறுகல்லியே மச்சி" என்றாள். "இறுகின வீடாப் பார்த்துப் போய்த் தின்னு" என்று சொல்லிவிட்டேன். (இறுகவில்லைதான். சீனிப்பாணி மாதிரி ஓடியது.) போனவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வருஷங்கள் போய்விட்டன.

ஆனால் அசர் தொழுதுவிட்டு வாட்சப்பில் அவளுடைய படத்தை மட்டும் தினமும் தட்டிப் பார்ப்பேன். முகமில்லை, மதீனாப் பள்ளிவாசலின் குப்பா, அந்தப் பச்சைக் குவிமாடத்தைத்தான் வைத்திருந்தாள். கதைக்காவிட்டால் என்ன, பார்க்கக் கூடாதா?

அன்றும் தட்டினேன்.

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால் மவுத்து அறிவித்தல் இப்போது போனில்தான் வருகிறது. பெண் என்றால் முகம் போட மாட்டார்கள். கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு குப்பா, கீழே வெள்ளை எழுத்தில் பெயர், அரபியில் ஒரு வரி, விசாரிக்க ஒரு நம்பர். என் கையிலிருந்த திரையில் இதில் ஒன்றும் குறையவில்லை. நேற்று வரை வெள்ளையில் படமாக இருந்தது, கறுப்பில் மவுத்தாகிவிட்டது. அந்தப் பெயரைக் கூட்டி வாசிக்க எனக்குக் கொஞ்சமும் நேரம் எடுக்கவில்லை.

அலுமாரியைத் திறந்தேன். மக்காவுக்கு உம்றாப் போனபோது, நான் மவுத்தானால் என்னைப் போர்த்தட்டும் என்று வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த கபன் துணி இருந்தது. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு கல்முனைச் சந்தியில் அழுதபடி ஆட்டோவில் ஏறினேன்.

"ஆரு மாமி மவுத்து?" என்றார் ஆட்டோக்காரர்.

"என்ட மச்சி. சாய்ந்தமருது." வீட்டு அடையாளத்தையும் சொன்னேன்.

பொறுப்பான மனிசன். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் அங்குள்ள பள்ளிவாசலுக்குத் தகவல் கொடுத்துவிட்டார்.

மவுத்து வீட்டில், செய்த பிழையை மன்னிக்கச் சொல்லி மாப்புக் கேட்பது வழக்கம். வழி முழுக்க நான் கேட்டுக்கொண்டே போனேன். "பரீதா, வட்டிலப்பம் இறுகல்லதான் புள்ள. என்ட வாய்தான் பிழை. மாப்பு செய்." அழுததில் பையிலிருந்த துணியும் நனைந்தது.

கேற்றைத் தள்ளினேன். கிணற்றடியில் பரீதா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்க் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். என் வாயில் வந்ததோ, "நீ மவுத்தாகல்லியா?" அதுவும், ஏமாற்றிவிட்டாள் என்ற மாதிரி ஒரு கோபத்தோடு.

"இல்ல மச்சி. இன்னும் மீன் வெட்டி முடியல்ல."

அந்த நேரம் பார்த்து, ஜனாஸா தூக்குகிற சந்தூக்குப் பெட்டியோடு நாலு பேர் உள்ளே வந்தார்கள். பின்னால் பாதித் தெரு வந்தது. பரீதா கையைக் கழுவிவிட்டு என் போனை வாங்கிப் பார்த்தாள். அது தன்னுடைய வாட்சப் பக்கம்தான் என்று பார்த்த உடனே அவளுக்கு விளங்கிவிட்டது.

"இந்த அரபு வரிய ஓது மச்சி. சத்தமா ஓது."

ஓதினேன். "அல்ஹம்துலில்லாஹ்." இறைவனுக்கே புகழ் என்று நல்லது நடந்தால் சொல்கிற வரி.

"நான் மவுத்தானதுக்கு அல்ஹம்துலில்லாஹ்வாகா?"

சந்தூக்கை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அதைத்தான் நான் வாசிக்கவில்லை.

மாப்பு நாக்கு நுனியில் இருந்தது. கேட்க அவளுக்குக் காதும் இருந்தது. ஆனால் அத்தனை சனம் சிரிக்கும்போது என் தலை குனியவில்லை. "போன் பிழை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"பையில என்னகா?"

"கபன்."

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "எனக்கெண்டு கொண்டு வந்ததுதானே, இஞ்ச இரிக்கட்டும். வட்டிலப்பத்துக்கு மாப்புக் கேட்டுட்டு வாங்கிட்டுப் போ."

கேட்காமல் ஆட்டோவில் ஏறினேன். உயிரில்லை என்று நினைத்தபோது வழி முழுக்கக் கேட்டவள், உயிரோடு நின்றவளிடம் ஒரு தரம் கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

எங்கள் வீட்டில் இப்போது யாராவது அல்ஹம்துலில்லாஹ் என்றால், "ஆரு மவுத்து?" என்று கேட்காத வாய் இல்லை. வெள்ளையாக்கித் தரவா என்று றிஸானா கேட்டாள். நான் விடவில்லை. கேட்டு வாங்கிய கறுப்பு, கிடக்கட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் சாய்ந்தமருதுக்குப் போகிறேன். துணியைக் கேட்கத்தான். (அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறேன்.) போன கிழமை பரீதா வட்டிலப்பம் வைத்தாள். கல் மாதிரி இறுகியிருந்தது. எவ்வளவோ முக்கி, "உன்ட வட்டிலப்பம் நல்லா இறுகியிரிக்கு" என்று சொன்னேன்.

"அது மாப்பு இல்ல மச்சி," என்று இன்னொரு துண்டை வைத்தாள். "துணி அலுமாரியிலதான் இரிக்கும்."