சரசு மடியில் ஒரு குடம் தண்ணீர்

சக்கரபாணியின் பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால், வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அதற்குள் வளைவு முடிந்துவிடும். அதனால் வளைவுக்குப் பத்தடி முன்னாலேயே திருப்ப ஆரம்பிப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. ராணுவ ஏலத்தில் வாங்கிய வண்டி. ஏழு வருஷமாக அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலை மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காயும் தக்காளியும் அதில்தான் போகின்றன. கத்தரிக்காய் ஒருநாளும் குறை சொன்னதில்லை. தக்காளியோ சொல்லும் நிலைமையில் போய்ச் சேர்ந்ததில்லை.

அப்படிப்பட்ட வண்டியின் முன்னால்தான் திங்கட்கிழமை காலை தையல்கார சாந்த் பாஷா வந்து நின்றார்.

"வியாழக்கிழமை காலைல உங்க வண்டி வேணும், சக்கரபாணி. ஜாஹிராவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும்."

ஜாஹிரா அவருடைய ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவள் தெருவில் நடப்பதை நேற்றுகூடச் சக்கரபாணி பார்த்திருந்தான்.

"என் வண்டியா, பாய்? டவுன்லேர்ந்து டாக்ஸி வரவழைச்சிக்கலாமே? சொகுசா இருக்குமே?"

"டாக்ஸி வேணாம். உங்க வண்டிதான் வேணும்."

"இல்ல பாய், நான் இன்னா சொல்றேன்னா..."

"உங்க வண்டிதான்" என்று இன்னொரு தடவை அழுத்திச் சொல்லிவிட்டு சாந்த் பாஷா போய்விட்டார்.

தன்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று சக்கரபாணிக்கு நெஞ்சு நிறைந்தது. உடனே வண்டியின் ஆட்டமும் ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப்போய் மனைவி சரசுவிடம் சொன்னான்.

சரசு முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த வண்டியிலயா? நிறை மாசப் பொண்ணையா? போன மாசம் நான் அதுல கீழ்பென்னாத்தூர் போயிட்டு வந்து ரெண்டு நாள் எழுந்திருக்கல. அந்தப் பொண்ணுக்கு வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

"முடியாதுன்னு சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? உங்க வண்டிதான் வேணும்னு ரெண்டு வாட்டி சொன்னாரு சரசு!"

வியாழக்கிழமைக்குள் வண்டியைச் சரிபண்ணிவிடுவது என்று முடிவாயிற்று.

முதலில் வண்டி எவ்வளவு ஆடுகிறது என்று தெரிய வேண்டும். சக்கரபாணி ஒரு பித்தளைக் குடத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, சரசுவை முன் சீட்டில் உட்காரவைத்து, குடத்தை மடியில் கொடுத்தான்.

"இது எதுக்கு?"

"இதுதான் ஜாஹிரா. கெட்டியாப் புடிச்சிக்கோ. சிந்தக் கூடாது."

செங்கம் ரோடு முனைவரை போய்த் திரும்பினார்கள். குடத்தில் பாதி இருந்தது. மீதிப் பாதி சரசுவின் மேல் இருந்தது.

"ஜாஹிரா பாதிதான் ஊர் போய்ச் சேருவா" என்றாள் சரசு, முந்தானையைப் பிழிந்துகொண்டே.

சக்கரபாணிக்கு ஸ்டீயரிங்கைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியின் தலையில் ஒரு திருகாணி இருக்கிறது. அதை முறுக்கினால் ஆட்டம் குறையும். எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியாத விஷயம். கை ஓயும்வரை முறுக்கினான்.

ஆட்டம் நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கும் நின்றுவிட்டது.

தெருமுனைக் கிணற்றடியில் வலப்பக்கம் ஒடித்தவனால் அதைத் திரும்ப நேராக்க முடியவில்லை. வண்டி கிணற்றை ஒரு சுற்று சுற்றியது. பிரேக் என்று ஒன்று இருப்பது அவன் ஞாபகத்துக்கு வருவதற்குள் இரண்டாவது சுற்றும் முடிந்தது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள்.

"மலையைச் சுத்தறவங்களைப் பாத்திருக்கேன். கிணத்தைச் சுத்தறவரை இப்பதான் பாக்கறேன்" என்றாள் ஒருத்தி, தூரத்தில் போய் நின்றுகொண்டு.

செவ்வாய்க்கிழமை, திருகாணியை அரைச் சுற்று தளர்த்தியபின், வண்டி செங்கம் ரோட்டில் இருந்த மெக்கானிக் ஆதிமூலத்தின் ஷெட்டுக்குப் போனது. ஆதிமூலம் வண்டியின் குறையைக் கேட்கிற ஆள் இல்லை, சொல்கிற ஆள். சக்கரபாணி வாயைத் திறப்பதற்குள் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார்.

"பாத்தியா? பால் ஜாயின்ட் எல்லாம் போயிடுச்சி. கிங் பின்னும் அரைகுறை. இதோட நீ உயிரோட இருக்கறதே ஆச்சரியம்."

"வண்டி தூக்கித் தூக்கிப் போடுதே, மேஸ்திரி?"

"ஸ்பிரிங் பட்டை தொய்ஞ்சி போச்சி. இன்னொரு பட்டை சேத்துடறேன். கல்லு மாதிரி நிக்கும்."

அன்று சாயங்காலம்வரை வேலை நடந்தது. திருகாணி பழையபடி தளர்ந்தது, ஜாயின்டுகள் புதுசாயின, பட்டை ஒன்று கூடியது. சரசு மறுபடி குடத்தோடு வரவழைக்கப்பட்டாள்.

வண்டி உண்மையாகவே கல்லு மாதிரி நின்றது. கல் எப்படி உருளுமோ அப்படியே போகவும் செய்தது. ஸ்டீயரிங்கில் பழைய ஆட்டம் அப்படியே இருந்தது. திரும்பி வந்தபோது குடத்தில் கால்வாசிதான் மிச்சம்.

"மேஸ்திரி ரிப்பேர் பண்ணப் பண்ண நான்தான் நனையறேன்" என்றாள் சரசு.

தெருவில் சாந்த் பாஷாவின் மனைவி அஜ்மத் பேகம் நின்றிருந்தாள். சொட்டச் சொட்ட வண்டியிலிருந்து இறங்கிய சரசுவைப் பார்த்தாள்.

"இன்னா சரசு, இப்படி நனைஞ்சிருக்க?"

"இவரு வண்டி ஆட்டத்துலதான் அக்கா. நாளைக்குள்ள சரியாயிடும், நீங்க பயப்படாதீங்க" என்று சரசு மழுப்பினாள்.

அஜ்மத் பேகம் பயப்பட்டதாகத் தெரியவில்லை. "அவ்ளோ ஆடுதா? இருக்கட்டும், இருக்கட்டும். அதுக்காக ஒண்ணும் மெனக்கெடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"எவ்ளோ நல்ல மனசு பாரு. நம்மகிட்ட ஒரு வார்த்தை குத்தமா சொல்லல" என்றான் சக்கரபாணி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நல்ல மனசுக்காகவாவது வண்டியை மெத்தையாக்கிவிட வேண்டும் என்று புதன்கிழமை விடிந்ததும் அவனுக்குத் தோன்றியது. மெத்தை என்றதும் காற்று ஞாபகம் வந்தது. டயரில் காற்று ஜாஸ்தி இருந்தால் உள்ளே மெத்தை பெரிசாக இருக்கும் அல்லவா? லாரிக்கு அடிக்கிற அளவு நாலு டயருக்கும் அடித்துக்கொண்டு வந்தான்.

மூன்றாவது பரீட்சையில் வண்டி ரோட்டில் போனதைவிட ரோட்டுக்கு மேலே போனதுதான் அதிகம். ஒரு சின்னக் கல்லில் ஏறியதற்கே சரசுவின் தலை கூரையில் இடித்தது. குடம் காலியானதோடு இல்லாமல் நசுங்கியும் போனது.

அது அவளுடைய அம்மா வீட்டுச் சீர்க்குடம். சரசு நசுங்கிய இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஷெட்டுக்கு விடுங்க" என்றாள்.

ஆதிமூலம் இன்னொரு பட்டை சேர்க்கலாம் என்றார். சக்கரபாணி தலையாட்டினான். வண்டியின் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, சக்கரபாணியை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, ஆதிமூலம் சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சரசு வண்டியின் முன்னால் நின்று தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தப் பெட்டி ஏன் குதிக்குது?"

"எந்தப் பெட்டி?"

"ஸ்டீயரிங் குச்சிக்குக் கீழ இருக்கே, அது. நீங்க திருப்பும்போதெல்லாம் மொதல்ல அதுதான் நகருது. அப்புறம்தான் சக்கரம் திரும்புது."

ஆதிமூலம் குனிந்து பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பெட்டியை வண்டிச் சட்டத்தோடு பிடித்து நிறுத்த வேண்டிய நாலு போல்ட்டில் ஒன்று இல்லை, இரண்டு லொடலொடவென்று ஆடின. மீதி ஒன்று மட்டும் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் ஆதிமூலம் நிமிராமலே.

"டயர் ஏன் இப்படி விறைப்பா இருக்கு?" என்றாள் சரசு.

ஆதிமூலம் ஸ்பேனரால் டயரைத் தட்டினார். கோயில் மணி மாதிரி கணீரென்றது. சக்கரபாணியை ஒரு பார்வை பார்த்தார். சக்கரபாணி மலையைப் பார்த்தான்.

போல்ட்டுகள் நாலும் இறுகின. கூடுதல் பட்டை கழன்று வந்தது. பழைய பட்டைகளின் முனைத் துளையில் துருப்பிடித்து இறுகிக் கிடந்த புஷ் வளையங்களைத் தட்டி எடுத்துப் புதுசு போட்டு, கிரீஸ் வைத்தார்கள். டயர்களிலிருந்து காற்று பெருமூச்சோடு இறங்கியது.

நசுங்கிய குடத்தில் தண்ணீர் நிரப்பி, சரசு நாலாவது முறையாக ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். செங்கம் ரோடு முனைவரை போய்த் திரும்பி, வீட்டு வாசலில் வண்டி நின்றபிறகு கண்ணைத் திறந்தாள்.

"கிளம்பலாங்க."

"போயிட்டு வந்துட்டோம் சரசு!"

குடத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வண்டியைச் சரசு கையால் தடவிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை ஜாஹிராவும் அஜ்மத் பேகமும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். சாந்த் பாஷா பின்னால் காலி கத்தரிக்காய்க் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். வண்டி பூப்போலப் புறப்பட்டது. அரை மைல் போவதற்குள் ஜாஹிரா தாயின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அஜ்மத் பேகம் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். பிறகு சக்கரபாணியைப் பார்த்தாள்.

"வண்டிக்கு ஏதாச்சும் கோளாறா, தம்பி? ஆடவே காணோமே?"

"எல்லாம் உங்களுக்காகத்தான் அக்கா" என்றான் சக்கரபாணி. வெட்கத்தில் அதற்குமேல் சொல்ல வரவில்லை.

பின்னாலிருந்து சாந்த் பாஷா கண்ணாடியைத் தட்டினார். "சக்கரபாணி, கல்லுடைக்கிற பக்கமா ஒரு வழி போவுதே, அதுல போனா இன்னா?"

"ஐயோ, அது முழுக்க பள்ளம் பாய்! இப்படியே போலாம், ரோடு நல்லா இருக்கு."

சாந்த் பாஷா ஒரு 'ஹூம்' மட்டும் போட்டார். பெரிய மனுஷர், சிக்கனமாகப் பேசுகிறவர் என்று சக்கரபாணி நினைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆயா பச்சையம்மாள் இவர்கள் வரவை எதிர்பார்த்து ஸ்ட்ரெச்சரோடு தயாராக நின்றிருந்தாள். வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. ஜாஹிரா கொட்டாவி விட்டபடி தானே இறங்கி, சோம்பல் முறித்தாள். பச்சையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் வண்டியைப் பார்த்தாள்.

"ஸ்ட்ரெச்சர் எதுக்குங்க? பொண்ணு நல்லாத் தூங்கிக்கினு வந்துச்சி" என்றான் சக்கரபாணி பூரிப்போடு. "மூணு நாளா மாஞ்சி மாஞ்சி வண்டிய ரிப்பேர் பண்ணேன். ஒரு குலுக்கல் இல்ல!"

பச்சையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அட இன்னாய்யா காரியம் பண்ணிட்ட! நாள் கடந்து பத்து நாளாயும் வலி வரலையேன்னுதான், சக்கரபாணி வண்டியில ஏத்திக்கினு வாங்கன்னு நானே சொல்லி அனுப்பிச்சேன்!"